யார் பேரில் இருந்தால் என்ன

இந்தக் கட்டடத்தை விற்கச் சொன்னால் எப்படி விற்பது என்றுதான் துளசிமணிக்கு முதலில் தோன்றியது. விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் தோன்றவேண்டிய எண்ணமா இது? இல்லைதான். ஆனால் பழகிப்போன கண்ணைக் கட்டிப்போடவா முடியும். வடக்கே வரிசையாக ஆளுயர ஜன்னல்கள், மின்விசிறியே வேண்டாத காற்று, வழவழவென்ற பழைய மொசைக் தரை, எங்கேயும் ஒரு விரிசல் கிடையாது. மேற்குச் சுவரில் மட்டும் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்திருந்தது. பின்னால் எங்கேயோ குழாய் கசிகிறது. வீடு பார்க்க வருகிறவர்களை அவள் நேரே அப்படிப்பட்ட சுவரிடம்தான் முதலில் கூட்டிப்போய் நிறுத்துவாள். பாருங்க, இங்க ஓதம் இருக்குது, பிளம்பரக் கூப்புட்டாச் சரியாயிரும், இனி மத்ததப் பாருங்க என்பாள். குறையை நாமே சொல்லிவிட்டால் மிச்ச வீட்டை நிம்மதியாகப் பார்ப்பார்கள். மறைத்தால் மூலைக்கு மூலை அதையே தேடிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருஷத் தொழிலில் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான். மதியச் சாப்பாடு வேறு வயிற்றில் இதமாக இருந்தது. எதிர் மெஸ்ஸில் பூசணிக்காய்க் கூட்டு, புளிக்காத தயிர். பயந்துகொண்டு வந்த இடத்தில் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருக்கக் கூடாதோ என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் அந்தக் கூச்சமும் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

தூங்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவர், தவிக்கிறவள் இவள், குடும்பம் என்றால் வேலையைப் பிரித்துத்தானே செய்யவேண்டும். வீடு, மனை ஏஜென்டுகள் முறைதவறி நடந்தால் கூப்பிட்டு விசாரிக்கிற அலுவலகம் இது. ஏஜென்ட் சென்னியப்பன் தன் பேரில் இருக்கும் பதிவை வேறொரு நபர் பயன்படுத்த விட்டிருக்கிறார், பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது, நேரில் வந்து பதில் சொல்லவும் என்று வீட்டுக்கு ஓலை வந்திருந்தது. வேறொரு நபர். துளசிமணி அந்த வார்த்தையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம் படித்தாள். இருபது வருஷமாக கோயமுத்தூரில் ஒரு தெரு விடாமல் ஏறி இறங்கியதற்குக் கடைசியில் கிடைத்த பேர் அதுதான். தப்பு யார்மேல்? அவள்மேல்தான். வேலை பார்த்த மில்லை மூடியபோது சென்னியப்பன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், அந்த மாசம் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்கு வாடகை வீடு தேடப் போனாள் துளசிமணி, போன இடத்தில் கதவைத் திறந்ததுமே இது இந்தம்மாவுக்கு ஆகும், இது ஆகாது என்று உள்ளே ஏதோ சொல்லியது, அது சொன்னது சரியாகவும் இருந்தது. அப்படி ஆரம்பித்ததுதான். நர்ஸம்மா இன்னொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, வாடகை போய் விலைக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். சென்னியப்பன் விட்டத்தை விட்டு எழுந்து ஸ்கூட்டரை எடுத்தார். ஏஜென்ட் என்றால் பதிவு வேண்டும் என்று சட்டம் வந்தபோது பான் கார்டு கேட்டார்கள். மில்லில் இருந்தபோது எடுத்த கார்டு அவரிடம் இருந்தது, அவளிடம் இல்லை. புதிதாக எடுக்க அலையவேண்டும், அந்த வாரம் பார்த்து மூன்று வீடு முடிகிற நேரம். யார் பேர்ல இருந்தா என்ன என்று சொன்னது யார்? அவர் சொல்லவில்லை. அவர், உம் பேர்லயே போடு அம்மிணி, எனக்கு என்ன தெரியும் என்றுதான் சொன்னார். இவள்தான் குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி, யார் பேர்ல இருந்தா என்னங்க, எல்லாம் ஒரே அடுப்புத்தானே என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல அந்தப் பேச்சு இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

உள்ளே கதவு திறந்தது. இவர்களுக்கு முன்னால் விசாரணைக்குப் போன வெள்ளைச் சட்டை ஏஜென்ட் ஒருவர் வெளியே வந்து ஜன்னல் ஓரமாக நின்று போனை எடுத்தார். எடுத்துட்டாங்கப்பா, பதிவு போச்சு, போர்டக் கழட்டிரச் சொல்லு என்றார், அவ்வளவுதான், பிறகு வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். துளசிமணி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில் கைப்பை நிறையச் சாவி. பைக்குள் கையை விட்டாள். பார்க்காமலே தெரியும். நீளமாக, பல் தேய்ந்து, பித்தளையில் இருப்பது கோயமுத்தூர் ராமநாதபுரத்துப் பழைய வீடு. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஆளுக்கொரு சாவி, இரண்டு சாவியும் இவளிடம், இரண்டு பேருக்கும் அது தெரியும், ஒருவன் வந்து போனதை இன்னொருவனிடம் இவள் சொன்னது கிடையாது. சிவப்பு நூல் கட்டியது மஸ்கட்டில் இருக்கிற டீச்சரம்மா வீடு. வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றுதான் டீச்சரம்மா சொன்னது. துளசிமணி ஜன்னலைத் திறப்பாள், தண்ணீர் தெளித்துத் தரையைத் துடைப்பாள், விளக்கை ஏற்றுவாள், அப்புறம் அந்த ஈரம் காயாத தரையில் முந்தானையை விரித்துச் சும்மா மல்லாந்து படுப்பாள். ஒரு சாமான் இல்லாத வீடு. கூப்பிட ஆள் இல்லை, தாளிக்க வேண்டியதில்லை. முதுகில் குளிர்ச்சி ஏறும். கூரைக்குக் கீழே வெளிச்சம் மெல்ல இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமானவள் இந்த ஊரில் இருக்க முடியாது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சென்னியப்பனிடமும். பதிவு போனால் இந்தச் சாவியெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். பிறகு கையில் மிஞ்சுவது சொந்த வீட்டுச் சாவி ஒன்று. அது ஏற்கெனவே அலமாரிமேல் கிடக்கிறது. அந்தப் பூட்டே சரியாக விழாது, ஊருக்கெல்லாம் நல்ல பூட்டாகப் பார்த்துச் சொல்கிறவள் வீட்டு லட்சணம் அது.

எதிர் பெஞ்சில் புகார் கொடுத்த வேதமூர்த்தி சார் உட்கார்ந்திருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிக்காரர், ஓய்வுக்குக் கோயமுத்தூர் வெயில்தான் தேவலை என்று இங்கே வந்து இவள் காட்டிய வீட்டை வாங்கிக் குடியேறியவர். வந்ததுமே இவளைப் பார்த்துக் கும்பிட்டு, நல்லாருக்கீங்களாம்மா, வீட்ல தண்ணி, காத்து எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்கு என்றார். பிறகு, முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. காலமெல்லாம் கையெழுத்தைக் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்தே பிழைத்த மனுஷர். வீட்டுப் பத்திரத்தோடு வந்த காகிதத்தில் ஏஜென்ட் சென்னியப்பன் என்று கையெழுத்து இருக்கிறது, சென்னியப்பன் என்று ஒருவரை அவர் கண்ணாலேயே பார்க்கவில்லை, அப்புறம் எப்படித் தூங்குவார்? ஆனால் பார்த்திருக்கிறார். வீடு பார்க்க வந்த அன்றைக்கு கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்த ஆளிடம், கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா, காரை விடணும் என்று சொன்னவர் அவர்தான். தள்ளி நிறுத்தியவர்தான் ஏஜென்ட். அதை நினைத்ததும் துளசிமணிக்குச் சிரிப்பு முட்டியது, முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாள். சென்னியப்பன் எந்த வீட்டுக்குள்ளும் வரமாட்டார். அடுத்தவங்க பொழங்கற எடத்துக்குள்ள நொழையறது ஒருமாதிரி கூச்சமா இருக்குது அம்மிணி என்பார். வெளியே நின்று வாட்ச்மேனிடம் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருதரம் வருகிறது, மேல்வீட்டுக்காரன் குடிப்பானா, நாய் யாரைக் கடித்தது என்று எல்லாவற்றையும் கறந்துகொண்டு வந்து திரும்பும் வழியில் சொல்லுவார். அதுவும் வேலைதான். அந்த வேலையை அவரைப்போல இன்னொருத்தர் செய்ய முடியாது. ஆனால் வீடு காட்டுவது வேறு. முதல்நாளே போய் ஜன்னல்களைத் திறந்து, அடைந்துகிடந்த வாடையை விரட்டி, மறுநாள் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோவாள். குறையெல்லாம் சொல்லி முடித்து, அறையெல்லாம் காட்டி முடித்து, கடைசியாகச் சமையலறையில் நிறுத்தி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். காலி வீட்டில் காப்பி மணம் எழுந்ததும் அது வீடாகிவிடும். வேதமூர்த்தி சாரின் சம்சாரம் அந்தச் சமையலறை ஜன்னலோரம் நின்று, எதிர்வீட்டு முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏங்க, இதுவே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் துளசிமணி செருப்புத் தேய நடக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்.

இன்றைக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டை நான்தான் காட்டினேன் என்று சென்னியப்பன் சொல்லவேண்டும். துளசிமணி கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள், அவ்வளவுதான். தெரிந்த வக்கீல் குமாஸ்தா சொல்லிக்கொடுத்த யோசனை, சுலபமான யோசனை. நாலு நாளாகப் பாடம் நடக்கிறது. காலையில் வரும்போதுகூட ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள், ஹால் எந்தப் பக்கமுங்க? கெழக்கு. சமையல் ரூமு? தென்கெழக்கு. கொற என்ன சொன்னீங்க? மேக்குச் சன்னலத் தொறந்தாக் கொசு வரும். சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர், ஏனுங்க அக்கா, வீடு வாடகைக்கா என்று கேட்டார். முதலில் அவர் சொதப்பிவிடுவாரோ என்றுதான் பயந்தாள். ஹாலைக் கொண்டுபோய் மேற்கில் வைப்பார், கொசுவை மறப்பார். ஆனால் நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். நாந்தானுங்க காட்டுனனுங்க என்றார், அழகாக, தலையை நிமிர்த்தி. சந்தோஷப்படவேண்டியவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிரம்பி வழிகிறது, போதும் அம்மிணி என்று அவர்தான் கையைப் பிடித்தார். அப்போதுதான் தெரிந்தது, பயம் இது இல்லை, இன்னொன்று. அவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதுதான் பயம். சொல்லிவிட்டால் எழுதிக்கொள்வார்கள். எழுதிவிட்டால் அதுதான் நடந்தது. நர்ஸம்மா வீட்டிலிருந்து முருங்கைமரத்து வீடு வரைக்கும் நுழைந்தது, பார்த்தது, சொன்னது எல்லாம் அவர், இவள் கூடமாட. சீ, என்ன புத்தி இது. கட்டின புருஷன்தானே, வேற்றாளா. சாவியெல்லாம் கையில் நிற்கவேண்டுமா வேண்டாமா. நிற்கவேண்டும். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இரு. யார் பேர்ல இருந்தா என்ன. சரிதான். என்னதான் இருக்கிறது பேரில். வேறொரு நபர். ஓதச் சுவரைப் பார்த்தாள். யாரோ அதை மறைக்க ஒரு பீரோவை இழுத்துப் போட்டிருக்கிறார்கள், பீரோவுக்கு மேலேயும் ஓதம் தெரிகிறது. காற்று நன்றாக இருந்தது. தூங்குகிற மனுஷரின் தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது, கனமாக, வெதுவெதுப்பாக, தேங்காயெண்ணெய் மணத்தோடு. ஒரு குறையும் இல்லாத மனுஷர். அவள் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சென்னியப்பன்! யாருங்க சென்னியப்பன்?"

"இருக்கனுங்க," என்று துளசிமணி எழுந்து நின்றாள்.

கதவோரம் நின்ற பியூன் அவளை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருஷமாக போன் அடித்தால், சென்னியப்பன் ரியல் எஸ்டேட்டுங்களா என்று யாராவது கேட்டால், ஆமாங்க சொல்லுங்க என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சாய்ந்திருந்த தலை ஆதரவில்லாமல் பெஞ்சில் இடித்து, நிஜச் சென்னியப்பனும் விழித்துக்கொண்டார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இவள் மகள் வயதுப் பெண். பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல டைப் அடித்துக்கொண்டிருந்தார். வேதமூர்த்தி சார் ஒருபக்கம் நின்றார்.

"இவங்களுக்கு வீட்டைக் காட்டினது யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நாந்தானுங்க காட்டுனனுங்க," என்றார் சென்னியப்பன். "கெழக்குப் பாத்த ஹாலுங்க. தென்கெழக்குல சமையல் ரூமுங்க. மேக்குச் சன்னலத் தொறந்தாக் கொசு வருமுங்க, அதையுஞ் சொல்லிப்போட்டனுங்க."

பரவாயில்லையே என்றிருந்தது துளசிமணிக்கு. ஹாலைக் கொடுத்தாயிற்று, வைத்துக்கொள்ளட்டும். சமையலறைத் திசையையும் கொசுவையும் வைத்துக்கொள்ளட்டும். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் இவரைப் பார்த்ததே இல்லை," என்றார் வேதமூர்த்தி. "உள்ள ஒருத்தர்தான் இருந்தாங்க. என் சம்சாரத்துக்குக் காப்பிகூட ஊத்திக் கொடுத்தாங்க."

அதிகாரி சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "காப்பி கொடுத்தது யாரு?"

இது பாடத்தில் இல்லை. சென்னியப்பன் துளசிமணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயமில்லை, எப்படியாவது உன்னைக் காப்பாற்றிவிடுகிறேன் என்கிற பாசம்தான். அதிகாரி பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அதுவும் நாந்தானுங்க. பிளாஸ்க்குல கொண்டு போயிருந்தனுங்க. சக்கர கம்மியாப் போட்டு."

"இல்லீங்க," என்றாள் துளசிமணி.

தன் குரல்தான் என்று அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"காப்பி நான் போட்டதுங்க. சக்கர கம்மியெல்லாம் இல்லீங்க, அளவாத்தான் இருந்துச்சு, அந்தம்மாவக் கேளுங்க. வீடு நான் காட்டுனதுங்க. அந்த வீடு மட்டுமில்ல, எல்லா வீடும். இவரு வாசல்லயே நின்னுக்குவாருங்க. பதிவு இவரு பேர்ல இருக்குதுங்க, அவ்வளவுதான். யார் பேர்ல இருந்தா என்னன்னு அப்பத் தெரியாத்தனமாச் சொல்லிப்போட்டனுங்க."

வேதமூர்த்தி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படிச் சொன்னா இந்தப் பதிவு ரத்தாகும்மா. தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியுமுங்க."

"உங்க பேர்ல புதுசா விண்ணப்பம் போடலாம். அது கைக்கு வர்ற வரைக்கும் ஒரு வீட்டுக் கதவையும் நீங்க தொறக்கக் கூடாது. சாவி இருந்தாத் திருப்பிக் கொடுத்துடணும்."

"குடுத்தர்றனுங்க," என்றாள். சிவப்பு நூல் சாவியை நினைத்துக்கொண்டாள். இந்த வெள்ளிக்கிழமை அந்தத் தரையில் படுக்க முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமையும் முடியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் கால்கள் லேசாக இருந்தன. வந்தவர்களை ஓதச் சுவரிடம் கொண்டுபோய் நிறுத்திக் காட்டியாயிற்று. இனி மிச்சத்தை நிம்மதியாகப் பார்க்கலாம்.

டைப் அடிக்கிறவர் நிமிர்ந்தார். "வேறொரு நபர்னு இருக்கற எடத்துல பேர் போடணும். உங்க பேரும்மா?"

"துளசிமணி."

"தொழில்? இல்லத்தரசின்னு போட்டுக்கவா?"

"ஏஜென்ட்டுனு போடுங்க."

"அதுக்குத்தானேம்மா இந்த விசாரணையே," என்று அதிகாரி சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். பிறகு, "சரி, அப்படியே போடுங்க, அவங்க வாக்குமூலம்தானே," என்றார்.

துளசிமணி என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். மில் மூடியதிலிருந்து அவர் அப்படி ஒரு மூச்சு விட்டு அவள் கேட்டதில்லை. தோள் இரண்டும் இறங்கி, முகம் தெளிந்து, பள்ளிக்கூடம் விட்டதுபோல நின்றார். அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டு, பணிவாகக் கேட்டார்:

"அப்ப நான் போயி வண்டிய எடுத்துட்டு வந்துரட்டுங்களா?"